சாயத்தொட்டியில் ஒரு விளைச்சல் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது சாயப்பட்டறையில் டை மாஸ்டராக இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். "டீச்சர், பொண்ணு பதினொண்ணாவது படிக்குதுங்க. வேதிவினை வகை, விளைச்சல் சதவீதம்னு என்னென்னமோ மனப்பாடம் பண்ணுது. நான் தினமும் அந்த வேலையத்தானுங்க பண்றேன். ஆனா புஸ்தகத்துல இருக்கறதும் பட்டறைல நடக்கறதும் ஒண்ணுதான்னு அதுக்கு எடுத்துச் சொல்லத் தெரியலீங்க. நீங்க எழுதிப் போடுங்க" என்றார்.

அவருக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இது அவர் பெண்ணுக்கு மட்டுமான பாடம் இல்லை என்று தோன்றியது. உங்களில் பாதிப் பேருக்கு மேல் பனியன் தொழிலில்தான் இருக்கிறீர்கள். மீதிப் பேரில் பலர் ஆற்றுக்குக் கிழக்கே தோட்டங்காடு உள்ளவர்கள். அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் வகுப்பு. ஆனால் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சேர்க்கை வினை, சிதைவு வினை, இடப்பெயர்ச்சி வினை, இரட்டை இடப்பெயர்ச்சி வினை, எரிதல் வினை என்று ஒப்பிப்பீர்கள். உதாரணம் கேட்டால் மெக்னீசியம் நாடா, சுண்ணாம்புக்கல், காப்பர் சல்பேட்டில் இரும்பு ஆணி. எல்லாம் சரிதான். ஆனால் மெக்னீசியம் நாடாவை நம் ஊரில் யார் பார்த்தது? பெராக்சைடு கேன் இல்லாத தெரு உண்டா?

அதனால் காடா துணி பட்டறைக்குள் வருவதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் வெளுப்பு. அந்தக் காலத்தில் வெள்ளைப் பனியனுக்குப் பிளீச்சிங் பவுடர்தான். தொட்டியில் கரைத்து, துணியை ஊறப்போட்டு, பிறகு ஆசிட் தண்ணீரில் அலசுவார்கள். சலவைப்பட்டறைப் பக்கம் போனாலே மூக்கு எரியும். பின்னால் பெராக்சைடு வந்தது. காஸ்டிக்கோடு சேர்த்துக் கொதிநிலைக்குப் பக்கத்தில் ஓட்டினால் துணி வெளுக்கும்.

பெராக்சைடு தானாகவே பிரியும் சரக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு → தண்ணீர் + ஆக்சிஜன். இதுதான் சிதைவு வினை. 68 கிராம் பெராக்சைடு பிரிந்தால் 36 கிராம் தண்ணீர், 32 கிராம் ஆக்சிஜன். கடையில் வாங்குவது 50 சதவீதச் சரக்கு என்றால் ஒரு கிலோவில் அசல் பெராக்சைடு 500 கிராம். அது முழுக்கப் பிரிந்தால் 235 கிராம் ஆக்சிஜன் வரும். ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்ற புத்தகக் கணக்குப்படி சுமார் 165 லிட்டர். மூடி வைத்த கேன் வெயிலில் ஏன் உப்புகிறது என்று இப்போது புரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குமிழி குமிழியாகக் கிளம்பும் அந்த ஆக்சிஜன்தான் துணியை வெளுக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காரத்தில் பெராக்சைடிலிருந்து உண்டாகும் அயனிதான் முக்கியமாக வெளுக்கும் வேலையைச் செய்கிறது. குமிழியாகப் போவது வீண். அதனால்தான் ஸ்டெபிலைசர் போட்டுச் சிதைவைத் தடுத்து வைக்கிறார்கள். தண்ணீரிலோ துணியிலோ இரும்புத் துரு இருந்தால் அந்த இடத்தில் சிதைவு வேகமாகி, துணியே பொத்தலாகிவிடும். "பின்ஹோல்" என்று செக்கிங்கில் தள்ளிவிடும் துணிகளில் சில இப்படி வந்தவைதான்.

வெளுத்து முடிந்ததும் கதை தலைகீழ். மிச்சமிருக்கும் பெராக்சைடு அடுத்து வரும் சாயத்தைக் கெடுக்கும், ஆகவே அதைச் சீக்கிரம் சிதைக்க வேண்டும். அதற்குத்தான் "பெராக்சைடு கில்லர்". அதில் இருப்பது கேட்டலேஸ் என்ற நொதி. நம் கல்லீரலிலும் அது உண்டு, உருளைக்கிழங்கிலும் உண்டு. மருந்துக்கடைப் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டால் பொங்குவதை வகுப்பில் காட்டியது நினைவிருக்கிறதா? ஒரே சிதைவு வினை. ஒரு மணி நேரம் முன்பு எதிரி, இப்போது வேண்டியவர்.

அடுத்து நடுநிலையாக்கல். துணியில் தங்கிய காஸ்டிக்கை எடுக்க அசிட்டிக் விடுகிறார்கள். 40 கிராம் காஸ்டிக்குக்கு 60 கிராம் அசிட்டிக் அமிலம். கிடைப்பது 82 கிராம் சோடியம் அசிடேட், 18 கிராம் தண்ணீர். இடப்பக்கம் கூட்டினால் 100, வலப்பக்கம் கூட்டினால் 100. ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை. இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஷேடு தப்பிவிட்டால் ஹைட்ரோவும் காஸ்டிக்கும் போட்டுச் சாயத்தை உரிப்பார்களே, அது ஒடுக்க வினை. பாய்லரில் விறகு எரிவது எரிதல் வினை. தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் தொட்டியில் கால்சியம் உள்ளே போய்ச் சோடியம் வெளியே வருவது இடமாற்றம். ஒரு பட்டறைக்குள் ஒரு ஷிப்டில் முழு அத்தியாயமும் நடந்து முடிகிறது.

இனிச் சாயத்துக்கு வருவோம். விளைச்சல் கணக்கு இங்கேதான்.

பழைய நேரடிச் சாயங்கள் பஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். துவைக்கத் துவைக்க வெளிறும். 1954-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பஞ்சோடு நிஜமாகவே வேதிப்பிணைப்பு போடும் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். 1956-ல் புரோசியான் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ரியாக்டிவ் சாயம் என்று நாம் சொல்வது இந்த வம்சம்தான். 1980-களில் ஏற்றுமதி பெருகி, வெள்ளைப் பனியன் ஊர் கலர் டீ-சர்ட் ஊராக மாறியபோது, திருப்பூரின் தலையெழுத்தை மாற்றிய சரக்கு இது.

எப்படி வேலை செய்கிறது? பஞ்சு என்பது செல்லுலோஸ். தண்ணீரில் அதற்குக் கொஞ்சம் எதிர்மின்சுமை உண்டு. சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் கிளாபர் சால்ட்டைப் போட்டால் சோடியம் அயனிகள் அந்த முறைப்பைத் தணித்து, சாயத்தைப் பஞ்சுக்குள் அனுப்பிவைக்கும். பிறகு சோடா ஆஷ் போட்டு பிஎச்சை 11 வரை ஏற்றினால் வினை தொடங்கும். கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் இருக்கும் வினைல் சல்போன் வகை, முதலில் தன் வாலை உதறிவிட்டு, பிறகு செல்லுலோஸோடு சேரும். உதறுவது நீக்க வினை, சேருவது சேர்க்கை வினை.

சரி, 100 கிலோ துணிக்கு 3 சதவீத ஷேடு என்று வைத்துக்கொள்வோம். சாயம் 3 கிலோ. கறுப்புச் சாயத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1000. கடைச் சரக்கு முழுச் சுத்தமாக இருக்காது, கணக்குக்காகச் சுத்தம் என்று கொண்டால் 3 மோல். எதிரில் 100 கிலோ பஞ்சில் சாயம் பிடிக்கக்கூடிய கைகள் எத்தனை? செல்லுலோஸின் ஒரு கண்ணி 162, அதற்கு மூன்று கை. கணக்குப் போட்டால் 1850 மோல். 3 பேருக்கு 1850 நாற்காலி. புத்தகம் என்ன சொல்கிறது? குறைவாக இருப்பது சாயம், அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஆகவே சாயம் முழுவதும் பிடித்துக்கொள்ள வேண்டும், விளைச்சல் 100 சதவீதம்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாடி 100 பீஸ் இருக்கிறது, கழுத்து ரிப் 92 பீஸ்தான் இருக்கிறது என்றால் எத்தனை டீ-சர்ட் தைக்கலாம்? 92. பவர் டேபிளில் உட்கார்ந்த எந்தப் பெண்ணும் யோசிக்காமல் சொல்வாள். அதேதான்.

ஆனால் நடைமுறையில் 100 வருவதில்லை. பழைய வகைச் சாயங்களில் 60, 70 சதவீதம்தான் துணியோடு பிணையும். ஏன்? தொட்டியில் பஞ்சு மட்டுமா இருக்கிறது? ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கில் 800 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அது 44,000 மோலுக்கும் மேல். சாயம் பிடித்துக்கொள்ளத் தேடும் அதே வகைக் கை தண்ணீருக்கும் உண்டு. பஞ்சின் 1850 மோலிலும் பெரும்பகுதி இழைக்குள் இறுகிக் கிடக்கிறது, சாயத்துக்கு எட்டாது. சாயத்தில் ஒரு பங்கு பஞ்சைப் பிடிப்பதற்குப் பதில் தண்ணீரைப் பிடித்துவிடுகிறது. இதற்கு நீராற்பகுத்தல் என்று பெயர். ஒருமுறை தண்ணீரைப் பிடித்த சாயம் பிறகு எந்தக் காலத்திலும் பஞ்சைப் பிடிக்காது. துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அலசி எடுக்காவிட்டால் வாங்கியவர் வீட்டு வாளியில் இறங்கும். சாயம் ஏற்றியபின் சோப்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்க நாலைந்து தண்ணீர் அலசுவது அதற்குத்தான்.

நம் கொங்குக் குடியானவர்களுக்கு விளைச்சல் சதவீதம் புதிதா என்ன? ஏக்கருக்கு இவ்வளவு வரணும் என்று ஒரு மதிப்பு இருக்கும். களத்தில் அளந்து பார்த்தால் வருவது கண்டுமுதல். கண்டுமுதலை மதிப்பால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். வேதியியலுக்கும் அதே வாய்ப்பாடுதான். 3 கிலோ சாயத்தில் 2.1 கிலோ துணியில் நின்றால் 70 சதவீதம்.

சாயக் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரே சாய மூலக்கூறுக்கு இரண்டு கை வைத்தார்கள். ஒரு கை பிடிக்கும் வாய்ப்பு 70 சதவீதம் என்றால், இரண்டும் தவறும் வாய்ப்பு 0.3 × 0.3, அதாவது 9 சதவீதம். ஆக 91 சதவீதம் நிற்க வேண்டும். அசலில் அவ்வளவு வராது, ஆனாலும் 80-ஐத் தாண்டுகிறது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவு எதற்கு ஆகும் என்று கேட்டவர்கள் இதைப் படித்துக்கொள்ளவும்!

இங்கேதான் புத்தகம் நின்றுவிடுகிறது. விளைச்சல் 70 சதவீதம் என்று அடிக்கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போகிறோம். மீதி 30-க்கு வினாத்தாளில் இடமே கிடையாது. பட்டறையில் அதற்கு "லாஸ்" என்று ஒரு பெயர். இந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபமே உண்டு. 40-உம் 60-உம் சேர்ந்தால் 82-உம் 18-உம் என்று ஒரு கிராம் பிசகாமல் எழுதிவிட்டு, 900 கிராம் சாயத்தை "லாஸ்" என்று எப்படிச் சொல்வது? அது எங்கேயோ இருக்கிறது.

சாயமாவது கண்ணுக்குத் தெரியும். உப்பைப் பாருங்கள். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 800 லிட்டருக்கு 48 கிலோ. இந்த 48 கிலோவில் துணியோடு பிணைந்தது எவ்வளவு? பூஜ்ஜியம். உப்பு வினையில் சேரவே இல்லை, தூது போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது. உள்ளே போன 48 கிலோவும் அப்படியே வெளியே வரும். நாளைக்கு 10 டன் துணி ஓட்டும் பட்டறை என்றால் 4800 கிலோ உப்பு. ஒரு நாளைக்கு! சமன்பாட்டில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

அலசல் தண்ணீரெல்லாம் சேர்த்துக் கிலோ துணிக்கு 60 லிட்டர் என்று கொண்டால், 100 கிலோ துணிக்கு 6000 லிட்டர். அதில் 48 கிலோ உப்பு. லிட்டருக்கு 8 கிராம், அதாவது 8000 மில்லிகிராம். வெளியே விடும் நீரில் கரைந்த உப்புக்கு அரசு வைத்த வரம்பு 2100. ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலே சொன்ன சோடா ஆஷையும் காஸ்டிக்கையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கட்டிங் வேஸ்ட்டை யோசித்துப் பாருங்கள். கட்டிங் டேபிளில் விழும் துண்டுத்துணி ஒன்றுகூட வீணாவதில்லை. மூட்டை கட்டி, எடை போட்டு, கலர் வாரியாகப் பிரித்து, விலை பேசி விற்கிறோம். அது ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. அந்த மீதியை நாம் கிராம் சுத்தமாக நிறுத்தோம், ஏனென்றால் வாங்க ஆள் இருந்தது. உப்புத் தண்ணீருக்கு வாங்க ஆள் இல்லை. அதனால் நிறுக்கவும் ஆள் இல்லை. நொய்யல் மட்டும் நிறுத்து வைத்துக்கொண்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் கட்டப்பட்டபோது, "இனிக் கவலை இல்லை" என்று ஊரே நினைத்தது. அங்கே போட்டது சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும். இரட்டை இடப்பெயர்ச்சி வினை. இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவாகி, போகிற போக்கில் சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். கறுப்பாக உள்ளே போன தண்ணீர் தெளிந்து வெளியே வரும். பார்த்தால் சுத்தமான தண்ணீர். ஆனால் உப்பு?

எட்டாவது படிக்கும்போதே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சோடியம் உப்புகள் ஏறத்தாழ எல்லாமே நீரில் கரையும். இந்த ஒரு வரிதான் நம் ஊரின் வரலாறு. சில்வரைப் படிய வைக்கலாம், காரீயத்தை, இரும்பை, கால்சியத்தைப் படிய வைக்கலாம். சோடியத்தை எதைப் போட்டுப் படிய வைப்பது? சல்பேட்டாகப் போட்டோம், கார்பனேட்டாகப் போட்டோம், ஹைட்ராக்சைடாகப் போட்டோம். அமிலம் விட்டால் அசிடேட் ஆகும், குளோரைடு ஆகும். கூட்டாளி மாறிக்கொண்டே இருப்பான், சோடியம் தண்ணீரை விட்டு இறங்காது. நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை அப்படியே ஆற்றுக்கு அனுப்பின. மிச்சத்துக்கு மூட்டை மூட்டையாகக் கசடு வேறு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்குத் தேக்கியது சாயத்தண்ணீராகப் போயிற்று. திறந்துவிட்டால் கீழே நிலம் கெடும், தேக்கினால் சுற்றிலும் கிணறு கெடும். எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே "தண்ணீர் விடாதீர்கள்" என்று போராடும்படி ஆனது.

அங்கே நிலத்தில் நடந்ததும் வேதிவினைதான். களிமண் துகள்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று இருக்கும். சோடியம் மிகுந்த தண்ணீர் பாய்ந்தால், சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மண் இறுகி, மேலே ஏடு கட்டும். மழை பெய்தால் உள்ளே இறங்காது. இதற்கு வைத்தியம் ஜிப்சம். அது கால்சியம் சல்பேட். கால்சியம் திரும்ப உள்ளே போய், சோடியம் சல்பேட்டாக வெளியே வரும். அதே கிளாபர் சால்ட்டின் உப்பு! அதை அலசி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் இருந்தால் இந்த வைத்தியமே தேவைப்பட்டிருக்காதே. எங்கள் சொந்தத்திலேயே ஒரு தோட்டத்தில் ஜிப்சம் லோடு இறக்கிவிட்டு மழைக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். தென்னை காத்திருக்கவில்லை.

கரூர்ப் பக்கத்து விவசாயிகளின் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு போனது, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கமே நின்றது. அதன்பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரி 28-ல் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். துணியை வெளியூருக்கு லாரியில் ஏற்றிச் சாயம் போட்டு வாங்கினார்கள். ஜாப் ஒர்க் நின்றது. வாடகை வீடுகள் காலியாயின. வகுப்பில் திடீரென்று நாலைந்து இடம் காலி. அப்பாவுக்கு வேலை இல்லை, ஊருக்குப் போய்விட்டார்கள். என் வகுப்பில் ஒரே பெஞ்சில் சாயப்பட்டறைக்காரர் பையனும், ஆற்றோரக் குடியானவர் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வீட்டில் அந்த உத்தரவுக்கு அழுதார்கள், இன்னொருவன் வீட்டில் பதினைந்து வருஷமாக அழுதுகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், கீழே இருந்தவன் பக்கம்தான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பட்டறைப் பையன் ஒரு கிராம் உப்பும் போட்டவன் இல்லை.

படியாத சோடியத்தை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும். தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க முடியாதா, சரி, உப்பிலிருந்து தண்ணீரை எடுப்போம். ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்வது இதுதான். முதலில் நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள், நிறத்தை எடுக்கிறார்கள், பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். அது மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. மீந்து நிற்கும் கெட்டி உப்புத் தண்ணீரை ஆவியாக்கிப் படிகமாக்குகிறார்கள். கொஞ்சம் உப்புநீரை அப்படியே அடுத்த பேட்ச்சுக்கும் பயன்படுத்துகிறார்கள். இதில் பெரும்பாலும் இயற்பியல் மாற்றம்தான், வேதிவினை குறைவு. செலவு மட்டும் குறைவில்லை. கரண்டும் விறகும் தின்கிற ஏற்பாடு.

இங்கே கிளாபர் சால்ட்டுக்கு ஓர் அழகான குணம் உண்டு. ஜெர்மன்காரர் கிளாபர் 17-ம் நூற்றாண்டிலேயே இதற்கு "அதிசய உப்பு" என்று பேர் வைத்தார். அவர் கொண்டாடியது பேதி மருந்தாக! எனக்கு அதிசயம் அதன் கரைதிறன்தான். சுமார் 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் கிட்டத்தட்ட 50 கிராம் சோடியம் சல்பேட் கரையும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிரவைத்தால் 5 கிராம்கூடச் சரியாகத் தங்காது. சாதாரண உப்பு அப்படி இல்லை, சூட்டிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி கரையும். ஆகவே கலந்து கிடக்கும் கெட்டி நீரைச் சில்லென்று ஆக்கினால் கிளாபர் சால்ட் மட்டும் படிகமாக இறங்கிவிடும், சாதாரண உப்பு நீரிலேயே நிற்கும். பத்தாம் வகுப்பில் கரைதிறன் வரைபடம் போட்டு வெறுத்தீர்களே, அந்தக் கோட்டை நம்பித்தான் இன்று அங்கே சில்லர் ஓடுகிறது.

படிகமாகப் பிரியாமல், இரண்டு உப்பும் அழுக்கும் கலந்து நிற்கும் கடைசிக் கசடு ஒன்று உண்டு. கலப்பு உப்பு. அதைத் திரும்பச் சாயத்துக்குப் போட முடியாது. தார்ப்பாயின் கீழ், ஷெட்டுகளில், மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழை படாமல் காக்க வேண்டும். அதற்கும் வாங்க ஆள் இல்லை. ஆனால் இப்போது அதை நிறுக்கிறார்கள், எடையைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்த மட்டில் எனக்குத் திருப்தி.

டை மாஸ்டருக்கும் அவர் பெண்ணுக்கும் ஒரு வீட்டுப்பாடம். மற்றவர்களும் போடலாம். ஐம்பது வயதானவர்களும் போடலாம், வெட்கப்பட வேண்டாம்.

ஒரு பேட்ச்சுக்கு 48 கிலோ உலர்ந்த சோடியம் சல்பேட் போட்டார்கள். அதன் மூலக்கூறு எடை 142. கழிவுநீரிலிருந்து குளிரவைத்து எடுத்த கிளாபர் சால்ட் படிகம் 98 கிலோ இருந்தது. படிகம் தன்னோடு பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு வரும், ஆகவே அதன் மூலக்கூறு எடை 322. "48 போட்டு 98 எடுத்துட்டோம், 200 சதவீதத்துக்கு மேல விளைச்சல்" என்று சூப்பர்வைசர் குதிக்கிறார்.

(அ) 48 கிலோவும் முழுதாகத் திரும்பி வந்தால் எத்தனை கிலோ படிகம் இருக்க வேண்டும்?
(ஆ) உண்மையான மீட்பு எத்தனை சதவீதம்?
(இ) திரும்பி வராத உலர் உப்பு எத்தனை கிலோ? அது எங்கே இருக்கும்?

விடையைக் கமெண்டில் போடுங்கள். செய்முறையோடு. வெறும் விடைக்கு மார்க் கிடையாது. (இ)-க்கு "லாஸ்" என்று எழுதினால் பூஜ்ஜியம்.